பானெட்டை மூடிட்டுப் பூஜை போடுங்க

போன வாரம் திருப்பதி ஒர்க்‌ஷாப்புலேர்ந்து ஹேமலதான்னு ஒரு மெக்கானிக் போன் போட்டாங்க. நான் ரிட்டையர் ஆனப்புறம் வேலைக்குச் சேர்ந்தவங்க, என்னைப் பார்த்தது கூடக் கிடையாது. ஆயுத பூஜை வருது சார், சுவத்துல ஒட்டியிருக்கிற விதிகள்ல கடைசியா ஒண்ணு இருக்கு, கரண்ட் வண்டிக்குப் பூஜை போடும்போது பானெட் மூடியிருக்கணும்னு, ஏன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க, தணிகை அண்ணாவைக் கேளுன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க, இன்னா விஷயம்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்த விதி என்னால வந்துச்சு. போன்ல சொல்ற சமாச்சாரம் இல்லம்மா, எழுதி அனுப்பறேன்னு வெச்சுட்டேன்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லை பிரிச்சு முடிச்ச வருஷம் பொறந்தவன் நான். நகரி பக்கத்துல எங்க ஊரு ஆந்திராவுலயே நின்னுச்சு. அத்தையைக் கட்டிக் குடுத்த திருத்தணி அந்தப் பக்கம் போயிடுச்சு. நைனா சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு, கோடு போட்டவன் ரெண்டு பக்கமும் வந்து பார்த்தானான்னு யாருக்குடா தெரியும்னு. எங்களுக்கு வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, ஒர்க்‌ஷாப்புல ரெண்டும் கலந்து. சாமான் பேரெல்லாம் இங்கிலீஷ்.

வேலை கத்துக்கினது சித்தூர்ல, லாரிங்க நிக்கிற ரோட்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், லைட்டு. எட்டு வருஷம் அது. அப்புறம் திருப்பதியில கார் விக்கிற ஒரு கம்பெனியோட ஒர்க்‌ஷாப். அங்க முப்பது வருஷத்துக்கு மேல. வண்டி கேட்டுக்குள்ள நுழையும்போதே சத்தத்தை வெச்சு இன்னா கோளாறுன்னு சொல்லிடுவேன். சொன்னது பெரும்பாலும் சரியா இருக்கும். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே இருந்துச்சு, அதையும் எழுதணும்.

ரிட்டையர் ஆக அஞ்சாறு வருஷம் இருக்கும்போது, பெட்ரோல் இல்லாம பேட்டரியில ஓடற கரண்ட் வண்டிங்க வந்துச்சு. பதினைஞ்சு நாள் கிளாஸுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்து முதல் வண்டியோட பானெட்டைத் தூக்கினா, கேட்கிறதுக்கு ஒரு சத்தமும் இல்ல. ஆரஞ்சு கலர்ல கட்டை விரல் தடிமனுக்கு ஒயருங்க, சீல் பண்ண பெட்டிங்க. முந்நூறு வோல்ட்டுக்கு மேல ஓடற ஒயரு அது. கை வெச்சா ஆள் போயிடுவான். பாதி வேலையைக் காதால பார்த்தவன் நான், காதை வெச்சுக்கினு இன்னா பண்றதுன்னு நின்னேன்.

அந்தப் பிரிவுக்கு இன்சார்ஜா வந்தவங்க பேரு சுபாஷிணி. குப்பம் பக்கம் சாந்திபுரத்துப் பொண்ணு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். என் பொண்ணை விட ரெண்டு வயசு சின்னவங்க. அவங்க என்னை அண்ணான்னு கூப்பிட்டாங்க, நான் மேடம்னு கூப்பிட்டேன். முதல் மாசம் எனக்கு அவங்களைக் கண்டாலே எரிச்சல். காரணம் ஒரே ஒரு கேள்வி. எதைச் சொன்னாலும், எப்படித் தெரியும்னு கேட்பாங்க. பியூஸ் போயிடுச்சு மேடம்னா, எப்படித் தெரியும்? மோட்டார் நல்லா இருக்குன்னா, எப்படித் தெரியும்? குரலை உயர்த்த மாட்டாங்க, கிண்டலும் இருக்காது. மீட்டர்ல பார்த்த எண்ணைச் சொல்லணும், சொன்னதை எழுதணும், எழுதின பிறகுதான் அடுத்த நட்டுல கை வைக்கணும். அனுபவத்துல சொல்றேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். அனுபவத்தை எந்தக் கட்டத்துல எழுதறது அண்ணான்னு, வண்டிக்குப் பார்த்த வேலையை எழுதற ஜாப் கார்டை நீட்டினாங்க. நக்கல் இல்ல, நிஜமாவே கேட்டாங்க.

அவங்க முறையை இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ரப்பர் கிளவுஸை வாய்ப் பக்கம் சுருட்டி, உள்ள காத்தை அடைச்சு, கன்னத்துக்கிட்ட வெச்சு அமுக்கிப் பார்க்கணும். ஊசி ஓட்டை இருந்தா காத்து கன்னத்துல படும். வண்டி சாவியைத் தூரமா வெக்கணும். பேட்டரியைத் துண்டிக்கிற பிளக்கை உருவி, உருவினவன் பாக்கெட்டுலயே போட்டுக்கணும், அவன் வண்டிக்குள்ள கை விட்டுக்கினு இருக்கும்போது வேற எவனும் அதைச் சொருகிடக் கூடாது. உள்ள தேங்கியிருக்கிற கரண்ட் இறங்கறதுக்குப் பத்து நிமிஷம் சும்மா நிக்கணும். அப்புறம் மீட்டரை ஒரு நல்ல பேட்டரியில வெச்சு மீட்டர் வேலை செய்யுதான்னு பார்த்து, வண்டியில வெச்சு பூஜ்யம் காட்டுதான்னு பார்த்து, மறுபடி அந்த நல்ல பேட்டரியில வெச்சுப் பார்க்கணும். நடுவுல மீட்டரே செத்துப் போயிருந்தா பூஜ்யம்தானே காட்டும்? இந்த யோசனை முப்பது வருஷத்துல எனக்கு வந்ததில்ல. எரிச்சல் அன்னிக்குக் கொஞ்சம் அடங்குச்சு.

கோளாறு தேடறதுக்கும் ஒரு வழி வெச்சிருந்தாங்க. பேட்டரியிலேர்ந்து மோட்டார் வரைக்கும் போற வழியை நடுவுல பிரிக்கணும். கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா பார்க்கணும். இருக்கிற பாதியை மறுபடி ரெண்டாப் பிரிக்கணும். நான் அதுக்கு எல்லை பிரிக்கிறதுன்னு பேர் வெச்சேன். மேடம் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, ரெண்டு பக்கமும் அளந்து பார்த்துட்டுத்தான் பிரிக்கணும் அண்ணான்னாங்க. நைனா ஞாபகம் வந்துச்சு.

இப்ப முனிரத்தினம் கதைக்கு வரேன். முனிரத்தினம் நகரியில பவர்லூம் ஓட்டின குடும்பம். நாலு தறி வெச்சிருந்தாரு. நாலையும் வித்துட்டு ஒரு கரண்ட் கார் வாங்கி டாக்ஸி ஓட்டினாரு. திருமலை, காணிப்பாக்கம், திருச்சானூர், வர யாத்திரைக்காரங்களை ஏத்திக்கினு போவாரு. நாப்பது வயசு இருக்கும். அந்த வண்டிதான் அவருக்குச் சோறு. வண்டி மூஞ்சியில எப்பப் பார்த்தாலும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும், அலிபிரியில மலை ஏறறதுக்கு முன்னாடி தினமும் தேங்காய் உடைச்சுட்டுத்தான் போவாரு.

நான் ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி வந்த மழைக்காலத்துல ஒருநாள் வந்தாரு. டிரைவ் சிஸ்டம் ஃபால்ட், ஓரமா நிறுத்துங்கன்னு ஸ்கிரீன்ல வருது அண்ணா, கொஞ்ச நேரத்துல போயிடுதுன்னாரு. கம்ப்யூட்டரை மாட்டினேன். இன்சுலேஷன் குறைவுன்னு பதிவாகியிருந்துச்சு. அதாவது கரண்ட் போற வழியிலேர்ந்து எங்கயோ துளித்துளியா வண்டியோட தகரத்துக்குக் கசியுது. அப்படிக் கசிஞ்சா ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு வண்டி தானே வேலையை நிறுத்திக்கும். மீட்டர் வெச்சுப் பார்த்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. மதியானம், வெயில் வேற. பதிவை அழிச்சுட்டு அனுப்பிட்டேன்.

பத்து நாள்ல திரும்பி வந்தாரு. இந்தத் தடவை காணிப்பாக்கம் போற வழியில புத்தலப்பட்டுக்கிட்ட தூறல்ல நின்னுடுச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கிளம்புச்சாம். நான் வண்டி மூஞ்சியைப் பார்த்தேன், தேங்காய்த் தண்ணி வழிஞ்ச கறை, மஞ்சள். எனக்கு ஏறிடுச்சு. டிரைவருங்க, மெக்கானிக்குங்க ஒரு பத்து பேரு டீ குடிச்சுக்கினு நின்னாங்க. அத்தனை பேர் எதிர்லயும் கத்தினேன். பூஜை போடறேன்னு மாட்டைக் குளிப்பாட்ற மாதிரி வண்டிக்குள்ள பம்பு வெச்சுத் தண்ணி அடிச்சா கரண்ட் வண்டி ஓடுமாய்யா, படிச்சவங்க பண்ணின மெஷினை உன் பூஜையால கெடுத்து வெச்சிருக்கியேன்னு. அவர் தண்ணியே அடிக்கலைன்னாரு. நான் கேட்கல. ஜாப் கார்டுல, வாடிக்கையாளர் தண்ணீர் ஊற்றியதால் ஈரம் புகுந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிட்டேன். மேடம் அன்னிக்கு லீவு. எப்படித் தெரியும்னு கேட்க ஆள் இல்ல.

மூணாவது தடவை வண்டி மலைப் பாதையில நின்னுச்சு. விடியக்காலை, பனி இறங்கியிருந்த நேரம். வயசான புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரை ஏத்திக்கினு மேல போய்க்கினு இருக்கும்போது வண்டி ஊர ஆரம்பிச்சிருக்கு. ஓரம் கட்டி ஆஃப் பண்ணவர், மறுபடி ஆன் பண்ணா உயிரே இல்ல. பின்னாடி வந்த பஸ்ஸு மயிரிழையில தப்பிச்சு ஒதுங்கிப் போயிருக்கு. வண்டியை லாரியில ஏத்திக்கினு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாங்க.

வண்டி பண்ற கம்பெனிக்கு எழுதிப் போட்டதுக்குப் பதில் வந்துச்சு. டிரைவ் யூனிட்டை, அதாவது வண்டியை ஓட்டற மோட்டார்ப் பகுதியை, மாத்தணும், ஆனா வாடிக்கையாளரோட தப்புன்னு கார்டுலயே எழுதியிருக்கிறதால வாரண்டி கிடையாது. அவர் சொந்தச் செலவுல மாத்தணும்னா வண்டியை வித்தாலும் தேறாது. தறியும் இல்ல, வண்டியும் இல்ல, இனிமே இன்னொருத்தர் தறியில கூலிக்குப் போய் நிக்கணும்னு கேட்டாண்ட உட்கார்ந்துட்டாரு. பழியெல்லாம் என் கையெழுத்துல இருந்துச்சு.

சுபாஷிணி மேடம் அந்தப் பதிலைப் படிச்சாங்க. என் கார்டையும் படிச்சாங்க. தண்ணி ஊத்தினாருன்னு எப்படித் தெரியும் அண்ணான்னாங்க. மூஞ்சியிலயே கறை இருக்கே மேடம்னேன். கறை வெளியில இருக்கு, கோளாறு உள்ள இருக்கு, ஈரம்னு எழுதறதுக்கு முன்னாடி அது எந்த வழியா வந்துச்சுன்னு எழுதணும்னாங்க. மதியானம் பார்த்தா காஞ்சு போயிருக்கும், தெரியாது, காலையில ஆறு மணிக்கு வாங்கன்னாங்க.

மறுநாள் ஆறு மணிக்கு ஒர்க்‌ஷாப்புல நாங்க ரெண்டு பேரும், கேட்டாண்ட முனிரத்தினமும்தான். பிளக்கை உருவி என் பாக்கெட்டுல போட்டேன். பத்து நிமிஷம் நின்னோம். மூணு தடவை மீட்டர் வெச்சோம். அப்புறம் எல்லை பிரிச்சோம். பேட்டரிப் பக்கம் நல்லா இருந்துச்சு. மோட்டார்ப் பக்கத்தைத் தனியாக் கழட்டி ஈரக் கோணியைப் போட்டு மூடி அரை மணி நேரம் வெச்சோம். எண் ஆடவே இல்ல. கம்பெனி மாத்தச் சொன்ன டிரைவ் யூனிட் சுத்தமா நல்லா இருந்துச்சு. ஏசி பக்கம், சார்ஜர் பக்கம், அதுவும் நல்லா இருந்துச்சு. மிச்சம் நடுவுல ஒரு பெட்டி. பேட்டரியிலேர்ந்து வர கரண்ட் அங்கதான் பிரிஞ்சு ஒவ்வொண்ணுக்கும் போகும். கோணியை அது மேல போட்டோம். கால் மணி நேரத்துல மீட்டர்ல எண் இறங்க ஆரம்பிச்சுது, கசிவு அங்கதான். மேடம் படிக்கப் படிக்க நான் எழுதினேன். கடைசி எண் எழுதும்போது என் எழுத்து கோணிப் போச்சு.

ஏன்னா அந்தப் பெட்டியோட மூடியில ஆறு போல்ட் இருக்கும். போல்ட்டை அளவா முறுக்கின பிறகு, போல்ட்டுலயும் மூடியிலயும் சேர்த்து ஒரு பச்சைக் கோடு போடணும், முறுக்கினவன் பக்கத்துல தன் முதல் எழுத்தைப் போடணும். யாராவது திறந்தா கோடு விலகிடும். ஆறு கோடும் அப்படியே நேரா இருந்துச்சு. பக்கத்துல இருந்த எழுத்து என்னோடது.

மேடம் அந்தப் பக்கம் மீட்டர் ஒயரைச் சுத்தி வெச்சுக்கினு இருந்தாங்க. நான் மூடியைத் திறந்தேன். உள் பக்கத்துல காஞ்ச குங்குமப் பொட்டு ஒண்ணு, ஈரத்துல கரைஞ்சு ஒழுகின கோடு இறங்கியிருந்துச்சு. ரப்பர் சீல் உட்கார்ற பள்ளத்துல மஞ்சளா ஏதோ நசுங்கிக் கிடந்துச்சு. விரல் நுனியில எடுத்துப் பார்த்தேன். அட்சதை. ஒரே ஒரு அரிசி.

அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஆயுத பூஜை அன்னிக்கு அந்த வண்டி என்கிட்டதான் இருந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு பியூஸ் மாத்த வேண்டியிருந்துச்சு. மூடியைக் கழட்டி வெச்சிருந்தேன். ஐயர் வந்துட்டாரு, முதலாளி கூப்பிட்டாரு. எங்க வழக்கம், பூஜைக்கு எல்லா வண்டி பானெட்டையும் தூக்கி வைக்கிறது. பெட்ரோல் வண்டியில எஞ்சின் மேலயே சந்தனம் வெப்போம், குங்குமம் வெப்போம், கை நிறைய அட்சதை போடுவோம். எஞ்சினுக்குப் போடாம வெளித் தகரத்துக்கு மட்டும் போட்டா அது பூஜையான்னு டிரைவருங்க முகம் சுருங்கிடும். அந்தப் பழக்கத்துல, திறந்திருக்கிற பெட்டிதான் இந்த வண்டிக்கு உசுருன்னு நெனைச்சு, மூடியில ஒரு பொட்டு வெச்சு, அட்சதையைப் போட்டு, கண்ணை மூடி, முனிரத்தினம் குடும்பம் நல்லா இருக்கணும்னு கும்பிட்டேன். சத்தியமாக் கும்பிட்டேன். அப்புறம் கண்ணுக்குப் பட்ட அரிசியெல்லாம் பொறுக்கிட்டு மூடியைப் போட்டு முறுக்கினேன். படாத ஒண்ணு சீலுக்கு அடியில மாட்டிக்கினு மயிரிழை வழி விட்டிருக்கு. பனியும் தூறலும் அந்த வழியா உள்ள போயிருக்கு.

இப்ப உண்மையை எழுதறேன். அந்த அரிசி என் விரல்ல இருந்துச்சு. மேடம் அந்தப் பக்கம் இருந்தாங்க. ஒரு ஊது ஊதியிருந்தா போயிருக்கும். சீல் பழசாயிடுச்சுன்னு எழுதியிருந்தா கம்பெனியே மாத்திக் குடுத்திருக்கும், முனிரத்தினமும் பொழைச்சிருப்பாரு. எனக்கு ரிட்டையர் ஆக ரெண்டு மாசம் இருந்துச்சு. அதுக்கப்புறம் சித்தூர்ல புதுசா வரப்போற பயிற்சிக் கூடத்துல வாத்தியாரா என்னைப் போடறதா பேச்சு இருந்துச்சு. வீட்ல சொல்லிக்கூட வெச்சுட்டேன். ஊதிடலாம்னு நெனைச்சேன். உதட்டைக் குவிச்சேன்னு கூடச் சொல்லலாம். ஆனா சீல் பழசுன்னு எழுதினா எப்படித் தெரியும்னு கேட்பாங்களே. அந்தக் கேள்விக்கு இன்னொரு பொய் சொல்ல என்னால முடியல.

"மேடம், இங்க வாங்க," ன்னேன்.

வந்து பார்த்தாங்க. எட்டு மணிக்கு முதலாளி வந்தாரு. அவர் நல்ல மனுஷன், என்னைக் காப்பாத்தப் பார்த்தாரு. டிரைவர் தினமும் பூஜை போடறவரு, அவர் போட்ட அரிசியா இருக்கும், யார் கண்டான்னாரு. மேடம் என்னையே பார்த்துக்கினு நின்னாங்க. பேச வேண்டியது நான்தான்னு அவங்க விட்டுட்டாங்கன்னு புரிஞ்சுது. அவர் போட்டிருக்க முடியாது சார், ஆறு கோடும் விலகல, கடைசியா திறந்தது நான், எழுத்து என்னோடதுன்னேன்.

மேடம் ரிப்போர்ட் எழுதினாங்க. என் பழைய கார்டு தப்புன்னு எழுதினாங்க, டிரைவ் யூனிட் நல்லா இருக்குன்னு எழுதினாங்க, பெட்டியும் சீலும் ஒர்க்‌ஷாப் செலவுல மாத்தணும்னு எழுதினாங்க. எதையும் கூட்டல, குறைக்கல. கையெழுத்துப் போட என்கிட்ட நீட்டும்போது, அண்ணா, நானும் அந்த வருஷம் ரெண்டு வண்டிக்குப் பானெட் திறந்து வெச்சுத்தான் பூஜை போட்டேன்னாங்க. அந்த ரெண்டு வண்டியையும் அன்னிக்கே வரவெச்சுத் திறந்து பார்த்தாங்க. அவங்க அப்படிப்பட்டவங்க.

கேட்டுக்கு நடந்து போனேன். முனிரத்தினம் எழுந்து நின்னாரு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அரிசியைக் காகிதத்துல மடிச்சு வெச்சிருந்தேன், அதையும் காட்டினேன். வண்டி நாளைக்கு ஓடும், உனக்கு ஒரு செலவும் இல்லன்னேன். சந்தோஷப்படுவாருன்னு நெனைச்சேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கினு இருந்தாரு.

"அன்னிக்குப் பத்து பேர் எதிர்ல என்னைத் திட்டினே அண்ணா. நீ திட்டினதுலேர்ந்து நான் வண்டியை ஈரத் துணியால கூடத் தொடைக்கல. இப்ப என்கிட்ட மட்டும் வந்து சொல்ற."

அதுக்கு மேல எனக்குக் கேட்கத் தேவையில்ல.

மறுநாள் காலையில டீ நேரத்துக்கு எல்லாரும் கூடினாங்க. அன்னிக்கு இருந்த டிரைவருங்கள்ல பாதிப் பேர் இருந்தாங்க, மிச்சப் பேரை நானே போன் போட்டு வரவெச்சேன். முப்பத்தஞ்சு வருஷமா என்னை அண்ணான்னு கூப்பிட்டவங்க எதிர்ல நின்னு, முனிரத்தினம் மேல தப்பு இல்ல, தப்பு பண்ணது நான், திட்டினதும் நான்னு தமிழ்ல ஒரு தடவை, தெலுங்குல ஒரு தடவை சொன்னேன். முனிரத்தினம் கும்பல் பின்னாடி நின்னு கேட்டாரு, கேட்டுட்டு வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு.

பயிற்சிக் கூடத்துல வேற ஆளைப் போட்டாங்க. வருத்தம் இல்லைன்னு சொன்னா அது பொய். வீட்ல எம் பெஞ்சாதி, நீயேன்யா வாயைத் தொறந்தன்னு ஒரு வார்த்தை கேட்டா, அதோட விட்டுட்டா. நான் ரிட்டையர் ஆன வாரத்துல மேடம் அந்த விதியை டைப் அடிச்சுச் சுவத்துல ஒட்டினாங்க. கீழ யார் பேரையும் போடல. ஹேமலதா, அதனாலதான் அங்க ஒருத்தரும் உங்களுக்குக் காரணம் சொல்லல.

அடுத்த ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டாங்க, ரிட்டையர் ஆனவங்களைக் கூப்பிடறது வழக்கம். ஓரமா ஒரு நாற்காலியில உட்கார்ந்துக்கினு இருந்தேன். முனிரத்தினம் வண்டி வந்துச்சு. வருஷம் முழுக்க அந்த வண்டி ஒரு நாள் கூட நிக்கலைன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அன்னிக்குக் காலையிலேர்ந்து அவர் என் பக்கம் திரும்பல. ஐயர் மந்திரம் சொல்லி முடிச்சு, தட்டை டிரைவருங்க கையில குடுத்துக்கினு வந்தாரு. முனிரத்தினம் தட்டை வாங்கினாரு. வாங்கிக்கினு, பானெட் நல்லா மூடியிருக்குதான்னு ரெண்டு கையாலயும் அமுக்கிப் பார்த்தாரு. அப்புறம் நேரா என்கிட்ட நடந்து வந்து அட்சதைத் தட்டை நீட்டினாரு.

"மூடிட்டேன் அண்ணா," ன்னாரு. "இப்ப நீ போடு."